தண்ணீர் நிற்கக் கூடாத அணை

அந்த அணையில் தண்ணீர் நிற்காது. நிற்கக் கூடாது என்றுதான் தையற்காரியின் அப்பா அதைக் கட்டியிருந்தார்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடை இறங்கும் இடத்தில் குறுக்கே ஒரு மண் கரை. அதன் அடியில் தோள் நுழையாத அகலத்தில் ஒரு சிமெண்ட் குழாய். பெருமழையில் ஓடை ஒரே பாய்ச்சலாக இறங்கி வந்தால் கரை அதைப் பிடித்து நிறுத்தும். குழாய் அந்தத் தண்ணீரை அவசரமில்லாமல் கீழே அனுப்பும். மழை விட்டு ஓரிரு நாளில் கரைக்குப் பின்னால் சேறும் புல்லும்தான் மிஞ்சும். அடுத்த மழைக்கு இடம் தயாராகிவிடும். காலியாக இருப்பதுதான் அந்த அணையின் வேலை.

இதை மட்டும் கீழ்த்தெருவுக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை.

"அணைன்னா தண்ணி இருக்கணும். இது சோறு வைக்காத தட்டு மாதிரில்ல கிடக்கு" என்பார் மருந்துக்கடைக்காரர். தெருச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கரைக்குத் தெரு வைத்த பெயர் வெத்தணை. அதன் சொந்தக்காரி வெத்தணைக்காரி.

அவள் அப்பா செங்கல் சூளை வைத்திருந்தவர். ஒரு மழையில் சூளையும், அதை ஒட்டிய குடிசையில் படுத்திருந்த வேலையாட்களும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் செங்கல் அறுக்கவில்லை. அதே களிமண்ணை வெட்டிக் கரை போட்டார். கரையின் ஒரு கோடியில், அளவுக்கு மீறி வரும் தண்ணீர் தானாகவே வழிந்து போகத் தாழ்வாக ஒரு வாயும், அதிலிருந்து ஓடைக்கு ஒரு வாய்க்காலும் விட்டார். அதுதான் கலிங்கு. சாகும்போது மேட்டு நிலத்தையும் கரையையும் மகளுக்கு எழுதினார். பள்ளத்து நிலத்தை மகனுக்கு எழுதினார்.

மகன் விவரமானவன். பள்ளத்தை மனை போட்டு விற்றான். அந்த மனைகள்தான் கீழ்த்தெரு. கடைசியில் விற்க ஒரு மனை குறைந்தது. கலிங்கு வாயில் சுவர் வைத்து, வாய்க்காலைத் தூர்த்து, அதையும் ஒரு மூலை மனையாக்கி விற்றான். வாங்கியவர் ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவர். பாவம், அவருக்கு அது தெரியாது.

"ஏன்டா, அது தண்ணி போற வழிடா" என்றாள் அக்கா அப்போது.

"எந்தத் தண்ணிக்கா? நம்ம அப்பா காலத்துல வந்துச்சே, அதுவா? அது வந்தா நான் எதிர்ல போய் நின்னு கும்பிட்டுக்கறேன், போ" என்றான் தம்பி.

நீர்த்துறை அதிகாரி வருடத்துக்கு ஒருமுறை வருவார். கரை மேல் நடந்து பார்ப்பார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா. அந்தக் கலிங்கை மட்டும் திறந்து விடச் சொல்லுங்க" என்பார். தம்பி "ஆகட்டும் சார்" என்பான். ஆகாது.

மழை விட்டதும் அவள் தையல் மெஷினை மூடிவிட்டு, சருகு இழுக்கும் வாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். குழாய் வாயில் இருக்கும் கம்பித் தடுப்பில் சிக்கிய சருகையும் பிளாஸ்டிக்கையும் இழுத்துப் போடுவாள். கரையில் முளைத்த செடிகளை வேர் இறங்குமுன் பிடுங்குவாள். எலி வளைகளில் களிமண்ணைத் திணித்து மிதிப்பாள். இதற்கு யாரும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. நாம் தூங்கும்போது நம் மூச்சைப் பார்த்துக்கொள்பவனுக்கு நாம் தினமும் நன்றி சொல்கிறோமா என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருடம் கோடை நீண்டுவிட்டது. கீழ்த்தெருக் கிணறுகளில் வாளி தரையைத் தொட்டது. சங்கம் மருந்துக்கடை வாசலில் கூடி அவளைக் கூப்பிட்டனுப்பியது.

"அம்மா, ஒண்ணுமில்ல. வர்ற மழைக்கு அந்தக் குழாயைக் கொஞ்சம் அடைச்சு வையுங்க. தண்ணி நின்னா எங்க கிணறு ஊறும். உங்களுக்கு என்ன நட்டம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நிறைஞ்சு கிடந்தா, அடுத்து வர்ற வெள்ளத்தை எங்கங்க வாங்கி வைக்கும்?"

"வெள்ளம் வந்தா பாத்துக்கலாம். இப்ப தாகமா இருக்கே."

"பெரிய மழை வந்துட்டா அப்புறம் பாத்துக்க முடியாதுங்க. கலிங்கும் அடைச்சுக் கிடக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "தானும் குடிக்காது, அடுத்தவங்களையும் குடிக்க விடாது." சிரிப்பு எழுந்தது. தம்பியும் அங்கே இருந்தான். "அக்கா, கொஞ்சம் வளைஞ்சுதான் குடேன். ஊரோட ஒத்துப் போ" என்றான்.

அவள் வளையவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தையலுக்கு ஆள் வருவது நின்றது. பள்ளிச் சீருடைகள் கடைத்தெருவிலிருந்த வேறொரு தையற்காரனிடம் போயின. கிழிந்த தலையணை உறையைக்கூட யாரும் கொண்டு வரவில்லை. எதிரில் வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்கள்.

டிரைவர் மட்டும் வந்தார். கையில் மடித்த சட்டை. "தங்கச்சி, ரெண்டு பொத்தான் அறுந்து போச்சு. தச்சுக் குடும்மா."

நாலு நாள் கழித்து இன்னொரு சட்டை. பிறகு மறுபடி முதல் சட்டை.

"என்ன அண்ணே, பொத்தானைத் தின்னுறீங்களா?"

"வயித்தைப் பாரு. பஸ்ல உக்காந்து உக்காந்து வளத்தது. எந்தப் பொத்தான் தாங்கும்?" என்று தட்டிக் காட்டுவார்.

வயிறு முட்டி அறுந்த பொத்தானின் நூல் பிசிறு பிசிறாக இருக்கும். துணியும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். அவர் சட்டையில் நூல் ஒரே சீராக, பிளேடால் நறுக்கியது போல இருந்தது. சில சமயம் காலர் பொத்தான்கூட அறுந்திருந்தது. அதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை. அவள் தைத்துக் கொடுத்தாள். கூலியை வாங்கிக்கொண்டாள். அன்று இரவு சாமி கும்பிடும்போது, வெளியூரில் வாழும் மகளின் பெயரைச் சொல்லுமுன் அவர் பெயரைச் சொன்னாள். உலகம் இன்னும் கெட்டுப் போகவில்லை என்பதற்கு அவளுக்கு அந்தப் பொத்தான்களே போதுமாக இருந்தன.

மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போனாள். அவள் அங்கே இருக்கும்போதுதான் முதல் மழை பெய்தது. பேரனைக் கையில் ஏந்திக்கொண்டே, குழாய் வாயில் சருகு சேர்ந்திருக்குமே என்று கவலைப்பட்டாள். திரும்பி வந்து பையை வைத்ததும் வாரியோடு கரைக்குப் போனாள்.

கரைக்குப் பின்னால் ஒரு ஏரி இருந்தது.

வானம் அதில் முழுசாகக் கிடந்தது. எங்கிருந்தோ வாத்துகள் வந்து நீந்திக்கொண்டிருந்தன. பெண்கள் கரையில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். தன் அப்பாவின் கரை இத்தனை அழகாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. 

"பாத்தியா, நீ இல்லாதப்ப கடவுளே நிறுத்தி வச்சுட்டார்" என்றாள் ஒருத்தி.

அவள் கரையின் அந்தப் பக்கம் இறங்கிக் தண்ணீர் வெளியே விழும் கடைவாயைப் பார்த்தாள். ஈரம் மட்டும் கசிந்தது. சருகு அடைத்தால் இப்படி ஒட்டுமொத்தமாக நிற்காது.

நிமிர்ந்தபோது டிரைவர் நின்றிருந்தார்.

"நான்தான் தங்கச்சி" என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "விடியக்காலையில வந்து செஞ்சேன். யாருக்கும் தெரியாது."

"எதை வச்சு அடைச்சீங்க?"

"பஸ் டியூபு. கம்பித் தடுப்பைக் கழட்டிட்டு, மடிச்சு உள்ள விட்டு, வெளிய நின்னு பம்பு அடிச்சேன். குழாயைக் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. முன்வாய்ல வச்சா தண்ணியே அழுத்திக்கும்னு அங்கயே வச்சேன்." அந்தச் சங்கடத்திலும் அவர் முகத்தில் ஒரு வேலைக்காரனின் பெருமை எட்டிப் பார்த்தது. "கயிறு கட்டியிருக்கேன். வேண்டாம்னா ஒரு இழுப்பு, வந்துரும்."

"இப்பவே இழுத்துருங்க அண்ணே."

"இழுக்கறேன். நீ ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போ. அதுக்கப்புறம் நீ சொல்ற மாதிரி."

அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு தேய்ந்திருந்தது. தெருக்கோடிக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து, கோடை முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்துகொண்டிருந்தாள். இப்போது வீட்டுப் பின்கட்டுக் கிணற்றருகே நின்றுகொண்டு, கயிறே இல்லாமல் குனிந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு காட்டினாள்.

"பாரு, கைக்கு எட்டுது. நேத்து வலி இல்லாம தூங்கினேன்டி. இவரு எழுப்பினாத்தான் எழுந்தேன்."

"நல்லது அண்ணி" என்றாள் தையற்காரி.

வெளியே வந்ததும் டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். மேகம் இல்லை. பெருமழைக் காலம் தொடங்க இன்னும் நாள் இருந்தது.

"நாலு நாள்" என்றாள். "நாலே நாள். கிணறு ஊறட்டும். அப்புறம் நானே வந்து இழுத்துருவேன்."

ஒருத்தி இடுப்பு வலி இல்லாமல் தூங்க வேண்டும் என்று நினைத்ததில் என்ன பாவம் இருக்கிறது? அப்படித்தான் நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு மனசு இலேசாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாளே வானம் உடைந்தது.

காலையில் தொடங்கிய மழை நண்பகலிலும் விடவில்லை. அவள் கரைக்கு ஓடியபோது டிரைவர் ஏற்கெனவே கயிற்றைப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு விறைத்தது. அந்தப் பக்கம் அசைவே இல்லை. தண்ணீரின் மொத்தக் கனமும் டியூபைக் குழாய்க்குள் இறுக்கியிருந்தது. இன்னொரு முறை மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். கயிறு அறுந்து இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"முங்கிப் போய் டியூபு வால்வைத் திறந்து விட்டுர்றேன்" என்று டிரைவர் சட்டையைக் கழற்றினார்.

"போகாதீங்க. அது பிடுங்கிட்டுப் போறப்ப உங்களையும் குழாய் வாய்ல இழுத்து அமுக்கிரும். அண்ணிக்கு நான் பதில் சொல்ல முடியாது."

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். வண்டிகள் எல்லாம் ஆற்றோரம் போயிருக்கின்றன, சாயங்காலம் பார்க்கலாம் என்றார்கள். டிரைவர் ஓடிப்போய் இரும்புக் கம்பிகளைக் கொண்டு வந்தார். ஒன்றோடொன்று கட்டி, குழாயின் கடைவாய் வழியாக உள்ளே விட்டு டியூபைக் குத்திக் கிழிக்கப் பார்த்தார். ஓடையின் பழைய வளைவைப் பின்பற்றிப் போட்ட குழாய் அது. பாதியில் கம்பி முட்டிக்கொண்டு நின்றது.

தண்ணீர் கரையின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மண் கரை மேல் தண்ணீர் ஒரு முறை வழிந்தால் போதும். வழிகிற இடத்தில் மண் கரைந்து பள்ளம் விழும், பிறகு மொத்தமும் ஒன்றாக வரும். கீழே அத்தனை வீடுகள். அப்பா சூளையைப் பற்றி ஒரு தடவைதான் பேசியிருந்தார். அப்போது ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் கரைக் கோடியைப் பார்த்தாள். தம்பி வைத்த சுவர். அதற்கு அந்தப் பக்கம் தூர்த்த வாய்க்கால். அதன் மேல் டிரைவர் வீடு.

டிரைவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டணும்" என்றாள். "உங்க வீட்டு வழியாத்தான் போகும் அண்ணே."

அவர் வீட்டுக்குப் போனார். மனைவியை மருந்துக்கடை மாடிக்கு அனுப்பிவைத்துவிட்டு, கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து வந்தார். "நீ சுவரைப் பாரு. நான் மண்ணைப் பாக்கறேன்" என்றார்.

தெரு முழுக்க அந்நேரம் சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தது. மழைத் திரைக்குள் அந்த இரண்டு பேரை யாரும் பார்க்கவில்லை. அவள் கடப்பாரையால் நெம்பினாள், அவர் வெட்டினார். கை தோல் உரிந்தது. ஒரு சமயம் அவர் நிமிர்ந்து, "முப்பது வருசம் ஓட்டினேன், ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்ல தெரியுமா?" என்றார். அழுகிறாரா மழையா என்று தெரியவில்லை. சுவர் சரிந்ததும் தண்ணீர் அவர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் புகுந்தது. அவள் நினைத்ததைவிட இரண்டு பங்கு அகலமாக வாயை அரித்துக்கொண்டது. டிரைவர் வீட்டுப் பின்சுவர் போயிற்று. சமையலறை போயிற்று. கைக்கு எட்டிய கிணறு விளிம்பு வரை சேறாயிற்று. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது; மருந்துக்கடைக் கிடங்கில் பெட்டி பெட்டியாக மருந்து நனைந்தது.

ஆனால் கரை நின்றது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆழமாக அரித்துக்கொண்ட அந்த வாய் வழியாகவே நீர் வடிந்தது. அவள் காலையில் போனபோது, டிரைவர் குழாய் வாயிலிருந்து எதையோ பிடுங்கிச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டினார்கள். நீர்த்துறை அதிகாரியும் வந்திருந்தார்.

"வெட்டினது யாரு?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"நான்தான்" என்றாள்.

"பாத்தீங்களா சார், வாயாலயே சொல்றாங்க. நாங்க தண்ணி கேட்டோம்ல, அந்தக் கோவம். இந்தா குடிங்கடான்னு திறந்து விட்டுட்டாங்க."

"வெட்டலைன்னா கரையே வந்திருக்கும்" என்றார் அதிகாரி. "அவங்க செஞ்சது சரி. எனக்குத் தெரியவேண்டியது வேற. குழாய் ஏன் அடைச்சுது?"

"சுத்தம் பண்ணியிருக்க மாட்டாங்க. பேரனைப் பாக்கப் போயிட்டாங்கல்ல."

"சருகு அடைச்சா இப்படி நிக்காது. யாராவது அடைச்சீங்களா?"

யாரும் பேசவில்லை.  அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றாள். "திறக்கச் சொல்லி அன்னிக்கே சொல்லியிருக்கணும். நாலு நாள் போகட்டும்னு விட்டது என் தப்பு. அடைச்சது யாருன்னு அவங்களே சொல்லட்டும்."

டிரைவர் மூன்றாவது வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் தெருவே மரியாதை வைத்திருந்தது. யார் வீட்டில் என்ன என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். இன்றைக்கு அவர் வீடு இடிந்து கிடப்பதால் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தன் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

அவள் காத்திருந்தாள். அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு வார்த்தை. எழுந்து நின்று 'நான்' என்றால் போதும். திட்டுவார்கள். ஒரு மாதம் திட்டுவார்கள். அவ்வளவுதான்.

"தப்புன்னு ஒத்துக்கறாங்க, அப்புறம் யாரோ பேரில்லாத ஆள் மேல பழி போடறாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "என்னங்க நியாயம் இது? இந்த அண்ணன் வீட்டைப் பாருங்க. இவரு வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொன்னாரா? மனுசன்னா இப்படி இருக்கணும்."

டிரைவரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இப்ப ரெண்டே வழி. கலிங்குக்கு அந்த மூலை மனை வழியா பழையபடி வாய்க்கால் விடணும். அண்ணனுக்கு வேற மனை குடுக்கணும். அப்படின்னா கரை இருக்கட்டும், தெருவுக்குப் பாதுகாப்பு. முடியாதுன்னா, கலிங்கு இல்லாத கரையை நான் நிக்க விட முடியாது. எடுத்துரணும்."

"எடுத்துருங்க" என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. தெருவை மூழ்கடித்ததே அந்த அணைதான் என்று அவர்கள் மனசார நம்பினார்கள். அடைத்தது யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, விடுக்கா. பெரிய தலைவலி. சமப்படுத்திட்டா நல்ல மேட்டு மனை" என்றான் தம்பி. அவன் கலிங்கில் வைத்த சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவனிடம் மனை வாங்கியவர்கள்தானே எல்லோரும்.

மண்வாரி இயந்திரம் ஒரே வாரத்தில் வேலையை முடித்தது. அவள் போய் நின்று பார்த்தாள். அப்பா அடுக்கடுக்காக மிதித்துப் போட்ட களிமண், வெட்டுவாயில் அடுக்கடுக்காகவே தெரிந்தது. எங்கும் ஒரு வேரும் இல்லை, ஒரு வளையும் இல்லை. "இவ்வளவு கெட்டியான கரையை எதுக்கும்மா எடுக்கறீங்க?" என்று இயந்திரக்காரன் கேட்டான்.  கடைசியில் குழாயைத் துண்டு துண்டாகத் தூக்கிப் போட்டார்கள். மனை பிரிக்கச் சுண்ணாம்புக் கோடு போட, அவளைக் கேட்காமலே தம்பி ஆள் அனுப்பினான்.

அவள் இரவில் கும்பிட உட்கார்ந்தபோது டிரைவரின் பெயர் வரும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சில நாள் தாண்டிப் போனாள். பிறகு தாண்டிப் போவது இன்னும் கனமாக இருந்ததால் கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

ஒரு பிற்பகல் டிரைவரின் மனைவி சாய்ந்து சாய்ந்து வந்தாள். கையில் சட்டை.

"ஏன்டி, அவரு குடுத்துட்டு வரச் சொன்னாரு. தானே வந்தா என்னவாம்? எனக்கு உன் மேல கோவம் இல்லன்னு சொல்ல முடியாது. என் கிணத்தைச் சேறாக்கிட்ட. ஆனா அவரு சொல்றாரு, அவகிட்டயே குடுன்னு. நல்ல மனுசன்."

தையற்காரி சட்டையை விரித்தாள். காலரிலிருந்து கீழ் வரை ஒரு பொத்தான்கூட இல்லை. எல்லாம் ஒரு காகிதத்தில் பொதிந்து சட்டைப் பையில் இருந்தன. நூல்கள் ஒரே சீராக நறுக்கியிருந்தன.

"நாளைக்குத் தரேன் அண்ணி. கூலி வேண்டாம்."

அன்றைக்கே தைத்தாள். தடித்த நூலை இரட்டையாகக் கோத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் சின்னதாக ஒரு துணித்துண்டு வைத்துத் தைத்தாள். நல்ல வேலை. கோபத்தோடு தைத்தாலும் கை அதைக் கெட்ட வேலையாகச் செய்ய மறுத்தது.

மறுநாள் டிரைவரே வந்தார். வாசலிலேயே நின்றார். இளைத்திருந்தார்.

"உள்ள வாங்க அண்ணே." சட்டையை மேசை மேல் வைத்தாள். "இனிமே அறாது. பிளேடு போட்டாத்தான் அறும்."

அவர் காலர் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். "தெரியுமா?"

"முதல் சட்டையிலிருந்தே தெரியும்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மெஷின் சக்கரத்தை விரலால் உருட்டினார். "அன்னிக்கு எழுந்திருக்கணும்னுதான் நினைச்சேன். கால் வரல. அவங்க தோளைத் தட்டத் தட்ட, இன்னும் வரல."

"ம்."

"நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா அண்ணே. சொல்லியிருக்கணும்."

அவள் அதை மென்மையாகத்தான் சொன்னாள். ஆனால் 'பரவாயில்லை' என்று சேர்க்கவில்லை. அவர் அதற்காகக் காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் பொத்தானை அறுத்துக்கொண்டு வரும் நல்லதனம் ஒரு வகை. நாலு பேர் முன்னால் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் நல்லதனம் வேறு வகை. முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வரும் என்று அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள். இப்போதும் அந்த நம்பிக்கையை முழுசாக விட மனசு வரவில்லை.

"இப்ப போய்ச் சொல்லிடட்டுமா?" என்றார். "கரைதான் போயிருச்சே. உனக்கு என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்காகச் சொல்ல வேண்டாம்." அவள் எழுந்து சன்னலைத் திறந்தாள். மேட்டில் சுண்ணாம்புக் கோடுகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஓடை தன் பாட்டுக்குத் தெருவைப் பார்த்து இறங்கியது. "அணையாலதான் வெள்ளம் வந்துச்சு, இப்ப அணை இல்ல, இனிமே வெள்ளமும் இல்லன்னு எல்லாரும் நிம்மதியா தூங்கறாங்க அண்ணே. கட்டிலைக்கூடக் கீழ இறக்கிப் போட்டுட்டாங்க. உண்மையைச் சொன்னீங்கன்னா, அடுத்த மழைக்குள்ள மண்ணு மூட்டையாவது அடுக்குவாங்க. மேல கோடு போட்டதையாவது நிறுத்துவாங்க. நான் சொன்னா வெத்தணைக்காரி புலம்பறான்னு போயிருவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் தலையாட்டினார். நிறையத் தலையாட்டினார். "சொல்றேன். கண்டிப்பா சொல்றேன் தங்கச்சி. இப்பவே போறேன்."

எழுந்து வெளியே போனார். அவள் சன்னலருகே நின்றாள். தெரு முனையில் இடது பக்கம் திரும்பினால் மருந்துக்கடை. வலது பக்கம் அவர் வீடு. முனையில் அவர் நின்றார். யாரோ கடந்து போகும்போது அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவரும் வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கடவுளே, இடது பக்கம் என்றாள் அவள் மனசுக்குள்.

அவர் வலது பக்கம் திரும்பினார்.

மேசை மேல் சட்டையை மறந்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கையை உள்ளே மடக்கி மடித்து, தூசு படாமல் ஒரு துணிக்குள் வைத்தாள். நாளைக்கு அண்ணி வந்தால் கொடுத்தனுப்பலாம். பிறகு மாடிக்குப் போகும் ஏணியைச் சுவரோரமாக நகர்த்தி, அதன் படிகள் கெட்டியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தாள். வெள்ளம் வந்தால் மாடியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கணக்குப் போட்டாள். சாய்ந்து நடப்பவளை ஏற்றுவதுதான் கஷ்டம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.